சலவைக்கடை பெஞ்சு

சென்ற வாரம் அண்ணியைப் பழைய பஞ்சாங்கம் என்று திட்டி எழுதியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். செருப்புப் பெட்டிகளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவள் முரண்டு பிடித்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் ஆயிரத்து நூறு மரங்கள் இருக்கின்றன. மரத்துக்கு ஒரு அட்டை, அதில் பதினோரு வருடத்துக் கையெழுத்து. எந்தக் கிளை எப்போது காய்ந்தது, எந்த வேர் எந்த வீட்டுச் சுவரை முட்டியது, எல்லாம் அதில் உண்டு. தூக்கிப் போடு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்கு நாலு வரி. நகராட்சியின் தெரு மரங்களைப் பார்த்துக்கொள்வது இந்தக் குடும்பத்தின் தொழில். அண்ணன் மரம் ஏறுவார், அவர் மனைவி ஆபீசைப் பார்ப்பாள். ஊரே அவளை அண்ணி என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுகிறோம். எட்டு மாதத்துக்கு முன் அண்ணன் கயிறு நழுவி விழுந்தார். முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்தது. அன்றிலிருந்து ஏறுகிறவள் அவருடைய தங்கை. வயது முப்பத்திரண்டு ஆனாலும் அவள் பெயர் குட்டிதான்.

அண்ணன் இப்போது தரையில். கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் பார்த்து, நலமா நோயா என்று பதிகிற வேலை. அதைச் செய்ய ஆய்வு லைசென்ஸ் வேண்டும். வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். குட்டிக்கு அடுத்த மாதம் தேர்வு.

நகராட்சிக் கடிதம் வந்ததும் சென்ற வாரமே சொன்னதுதான். இனி காகிதம் செல்லாது, மரப் பதிவேடு முழுவதும் ஏதாவது ஒரு மென்பொருளில் இருக்க வேண்டும், எது என்பதை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், பூங்கா அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் பொடி எழுத்தில் இரண்டு விதிகள். லைசென்ஸ் உள்ளவர் மரத்தைத் தொட்டுப் பார்க்காமல் பதிந்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் இல்லாதவர் இன்னொருவர் பெயரில் பதிந்தால் மூன்று வருடம் தேர்வே எழுத முடியாது.

அண்ணி அதைச் சத்தமாகப் படித்தபோது மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். மற்ற இருவரும் அப்போது நிமிர்ந்து பார்க்காதது அவளுக்கு இன்றுதான் ஞாபகம் வரப்போகிறது.

இன்று மாலை நான்கு மணிக்கு அதிகாரி வருகிறார்.

காலை எட்டு மணிக்கு முன்னறை மேசையில் இரண்டு மடிக்கணினிகள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. இரண்டு மாதமாக இரண்டு மென்பொருள்களையும் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றின் சின்னம் பச்சை, மற்றதன் சின்னம் நீலம். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்கள் வாயில் நுழையாததால் வீட்டில் பச்சை, நீலம் என்றே ஆகிவிட்டது. அண்ணன் ஒவ்வொரு மரத்தையும் இரண்டிலும் பதிந்திருந்தார். ஒரே பிள்ளைக்கு இரண்டு பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் போடுகிற மாதிரி இருக்கிறது என்று முதல் வாரமே அலுத்துக்கொண்டார்.

அண்ணி பச்சையின் பக்கம். அது திறந்தாலே அவளுடைய அட்டை போல இருக்கும். மேலே எண், கீழே நாலு வரி, ஓரத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி. தப்பாக எழுதினால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். குட்டிக்கு நீலம்தான் உசத்தி. அதில் படம் சேர்க்கலாம், பழைய பதிவுகள் வரிசையாக நிற்கும், நாளைக்கு இந்தக் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் நம் விவரங்களை மொத்தமாக வாரிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அண்ணி ஒன்பது கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். சிக்னல் இல்லாத தெருவில் ஓடுமா, கையுறை போட்ட விரலுக்கு மசியுமா, பூங்கா அதிகாரிக்கும் சில்லறை வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகக் காட்டுமா என்று போகும் அந்தப் பட்டியல். இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுப் பார்த்தாள். ஏழுக்கு ஏழு. ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்றதால் அண்ணனின் ஓட்டுதான் தீர்ப்பு.

அண்ணன் யோசிக்கவே இல்லை. பச்சை என்றார். நீலம் ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் போய்ப் படம் எடு, படம் எடு என்று உயிரை வாங்குகிறதாம். மின்விசிறி வாங்கக்கூட ‘உன் இஷ்டம்’ என்று நழுவுகிற மனிதர் இப்படி அடித்துச் சொன்னது அண்ணிக்கு ஆச்சரியம். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அண்ணி அண்ணிதான். புடவை எடுத்தால்கூட வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். ஒரு தெருவையாவது கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று செருப்பை மாட்டினாள். எதற்கு வெயிலில், குட்டி போய்விட்டு வரட்டும் என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் கெஞ்சியது. அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத் தெருவில் நாற்பத்திரண்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் ஆணியில் அறைந்த சின்னத் தகடு, தகட்டில் எண். குட்டி தோளில் கயிற்றுச் சுருளும் கையில் மரச் சுத்தியலுமாக முன்னால் போனாள். அண்ணி போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

முதல் ஒன்பது மரங்களும் பிசகில்லை. புள்ளி இருக்கும் இடத்தில் மரம், மரம் இருக்கும் இடத்தில் புள்ளி. பத்தாவதிலிருந்து கோளாறு. பதினேழாம் எண் தையல்கடைச் சுவருக்குள் முளைத்திருந்தது. பதினெட்டும் பத்தொன்பதும் இடம் மாறிக் கிடந்தன. பச்சையிலும் அப்படித்தான், நீலத்திலும் அப்படித்தான்.

புள்ளிகள் நகர்வதைப் பற்றி அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சிக்னல் சரியில்லையாம், மென்பொருள் இரண்டும் சொத்தையாம். அண்ணியும் நம்பியிருந்தாள். அப்படியென்றால் முதல் ஒன்பது மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டு, நீலத்தில் கண்டதையும் அழுத்தினாள். மூலையில் இருந்த ஒரு பொத்தான் விரலில் பட்டது. திரை முழுக்க மெல்லிய கோடுகள் விரிந்தன.

குட்டிக்கே அந்தப் பொத்தான் தெரியாது. நின்று படித்துப் பார்த்தாள். பதிகிறவர் எங்கே நின்று பதிந்தார் என்பதை நீலம் தானாகவே குறித்து வைக்கிறது. அங்கிருந்து மரத்துக்கு ஒரு கோடு. முதல் ஒன்பது மரங்களுக்குக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. ஆள் மரத்தடியில் நின்றிருக்கிறார். பத்திலிருந்து நாற்பத்திரண்டு வரை முப்பத்துமூன்று கோடுகளும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டிருந்தன.

அந்த இடத்தில் ஒரு சலவைக்கடையும், கடை வாசலில் ஒரு மர பெஞ்சும் இருந்தன.

சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார். நல்ல மனிதர். கேட்காமலே சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர்தானேம்மா? இங்கதான் உக்காந்து எழுதிட்டிருந்தார். கால் ரொம்ப வலிக்குது போல. ரெண்டு தடவை எந்திரிக்கப் பார்த்து அப்படியே உக்காந்துட்டார். வீட்டுக்குப் போன் பண்ணட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவங்க பயந்துடுவாங்கன்னுட்டார்.”

அண்ணி அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் எப்படி இருக்கிறது என்று தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் கேட்கிறாள். தேவலை என்று தினமும் பதில் வருகிறது. மூன்று மாதத்துக்கு முன் பிசியோதெரபி போதும் என்று நிறுத்தியதும் அவர்தான். அப்புறம் அவளே சண்டை போட்டு மறுபடியும் அழைத்துப்போனாள். இவ்வளவு நாள் கேட்ட கேள்வி வெறும் பழக்கத்துக்குக் கேட்டதா என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவர் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரியது.

குட்டி வேறு ஒன்று கேட்டாள். இந்தக் கோடுகளை நீலம் எத்தனை நாளைக்கு வைத்திருக்கும் என்று. வெயிலில் அவள் முகம் வெளுத்திருந்தது. அண்ணன் மேல் உயிரையே வைத்திருக்கிறவள், பதறத்தானே செய்வாள் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

பெஞ்சிலிருந்து பதிந்த மரங்களைக் குட்டி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனாள். நல்ல மரம் தட்டினால் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் கெட்டி. இருபத்துமூன்றாம் மரம் மழலையர் பள்ளி வாசலை ஒட்டி நிற்கிறது. அதில் சுத்தியல் பட்டதும் பொத்தென்று ஒரு சத்தம் வந்தது. குட்டி மறுபடி தட்டினாள். கொஞ்சம் மேலே தட்டினாள். பிறகு மரத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளிச் சுவர்ப் பக்கம் போனவள் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

அடிமரத்தில் தட்டு தட்டாகக் காளான். விரலை வைத்து அழுத்தினால் மரம் ஈர ரொட்டியாக உள்ளே போனது. பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்தப் பக்கம் தெரியாது.

இரண்டு மென்பொருளிலும் இருபத்துமூன்றுக்கு எதிரே ஒரே சொல்தான் இருந்தது. நலம்.

மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்குப் பள்ளி விடும். அப்போது இந்த வாசலில் எத்தனை பிள்ளைகள், எத்தனை அம்மாக்கள், எத்தனை ஸ்கூட்டர்கள் என்று அண்ணிக்குத் தெரியும். இந்த மரத்தின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறாள்: ‘கூட்டம் நிற்கும் இடம், கவனம்.’

அவள் அதிகாரிக்குப் போன் செய்தாள். சொல்ல வேண்டியதை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். பள்ளிக்குள் போய்ப் பின்வாசலைத் திறக்க வைத்தாள். குட்டி இதற்குள் நடைபாதையை மறித்துக் கயிறு கட்டிவிட்டாள். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் பின்வாசல் வழியாகக் கத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மதியம் நகராட்சி வண்டி வந்தது. குட்டி பக்கத்து மரத்தில் கயிறு போட்டு ஏறி, மேல்கிளைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். இரண்டரை மணிக்கு அந்த இடத்தில் இடுப்புயரக் கட்டைதான் மிச்சம். உள்ளே ஒரு ஆள் கையை விடலாம் போல ஓட்டை.

ஆபத்து போய்விட்டது. நலம் என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது.

வண்டியில் திரும்பி வரும்போது, சிக்னலில் நின்ற நேரத்தில், குட்டி மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணி, காலைல நான் பேசினதெல்லாம் விட்டுடுங்க. பச்சையையே எடுத்துக்கலாம். அதுல இருபத்துமூணைத் திருத்திட்டா யாருக்கும் தெரியாது. நீலத்துல வெள்ளோட்டக் கணக்கை மூடிட்டா கோடெல்லாம் போயிடும்.”

“லைசென்ஸ் போயிடும்னு பயப்படுறியா?”

“போனா அண்ணன் உடைஞ்சு போயிடும். மரம் ஏற முடியாம போனதையே இன்னும் முழுங்க முடியல அதுக்கு.”

அண்ணி கைப்பையிலிருந்து நாட்காட்டித் தாளை எடுத்து, முழங்கால் மேல் வைத்து, ஒன்பதுக்குக் கீழே பத்தாவதாக ஒரு கேள்வி எழுதினாள். நாம் அழித்தால் அழியுமா? பச்சைக்கு ஆம். நீலத்துக்கு இல்லை, திருத்தினாலும் பழையது கீழேயே நிற்கும்.

காலையில் இதே விஷயத்துக்குப் பச்சைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டது அவள்தான். இப்போது அதை அடித்தாள். சிரிப்புக்கூட வந்தது, அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிற சிரிப்பு.

மூன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் முன்னறையில் மேசையைத் துடைத்து, அதிகாரிக்கு நாற்காலி போட்டு, தண்ணீர்க் கூஜாவைக்கூட நிரப்பி வைத்திருந்தார். குட்டி முகம் கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனாள். அண்ணி உட்காரவில்லை.

“பள்ளிக்கூடத் தெருவுல எத்தனை மரத்தைத் தொட்டுப் பார்த்தீங்க?”

அவர் துணியை மடித்தார். மறுபடி மடித்தார்.

“ஒன்பது,” என்றார்.

“மத்தது?”

“எல்லாம் நான் ஏறின மரம்தானே. கண்ணை மூடினா ஒவ்வொரு கிளையும் தெரியும் எனக்கு.”

“நீங்க ஏறினப்போ அது நல்லாத்தான் இருந்தது. இருபத்துமூணாவதை இன்னிக்கு இறக்கிட்டோம். அடியில ஒண்ணுமே இல்ல. பள்ளி விட இன்னும் அரை மணி நேரம் இருந்துச்சு.”

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரிக்குப் போட்ட நாற்காலி என்பது மறந்து அதிலேயே உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பத்தாவது மரத்துக்குப் போகும்போது கால் மரத்துப்போனது. பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்காரலாம் என்றுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்றைப் பதிந்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததையும் பதிந்தார். அதற்குப் பிறகு எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் பெஞ்சு எங்கே என்றுதான் கண் தேடியதாம்.

“ஏறவும் முடியல, நடக்கவும் முடியலன்னா, இந்த வீட்டுல நான் எதுக்கு?” என்றார்.

பதினோரு வருடமாக அவர் மேலேயிருந்து கத்துவார், அண்ணி கீழே எழுதுவாள். அந்தக் குரலைக் கேட்டு எழுதியே அவளுக்கு மரம் தெரியும்.

“நான் இத்தனை வருஷமா ஒரு மரமும் ஏறல. என்னை எதுக்குன்னு கேட்டீங்களா? கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூட நடந்திருப்பேன். நீங்க சொல்லல. அதுதான் எனக்கு ஆறல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார், இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று. நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள் என்றாள் அண்ணி. இரண்டு மடிக்கணினிகளையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளே அவள் எதையும் சமைக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, நிதானமான அம்மாள். மதியம் நடந்ததற்கு முதலில் நன்றி சொன்னார். பிறகு எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அண்ணி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். குட்டி அண்ணனையே பார்த்தாள். வேண்டாம் என்று அவள் கண் சொன்னது.

அண்ணன் பச்சையை மூடினார். நீலத்தை அதிகாரி பக்கம் திருப்பினார். திரையில் பள்ளிக்கூடத் தெரு, கோடுகள் எல்லாம் விரிந்து கிடந்தன.

“இந்த பெஞ்சுல உக்காந்து பதிஞ்சது நான்தாங்க. இருபத்துமூணுக்கு நலம்னு போட்டதும் நான்தான். என் கால் இன்னும் சரியாகல. லைசென்ஸை இன்னிக்கே கொடுத்துடறேன்.”

சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அண்ணி அவருக்குப் பின்னால் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து அவள் இவ்வளவு பெருமைப்பட்டது இன்றுதான். அதைச் சொல்ல இது நேரமில்லை.

அதிகாரி புத்தகத்தைத் தொடவில்லை. தானாக வந்து சொன்னதை நான் எழுதிக்கொள்கிறேன், முடிவெடுப்பது கமிட்டி, அதற்குமுன் எல்லாத் தெருவையும் பார்த்துவிட வேண்டும் என்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தெருவாகத் திறந்தார். எல்லாவற்றிலும் முதலில் சில மரங்கள், பிறகு ஒரு பெஞ்சு அல்லது ஒரு திட்டு, அங்கிருந்து விரியும் கோடுகள். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றார்.

தபாலாபீஸ் தெருவில் அதிகாரி நின்றார். முப்பத்தாறு மரங்கள். ஒரு கோடுகூட இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கப் படம் எடுத்து, தட்டிய சத்தம் எப்படி இருந்தது என்றுகூட எழுதியிருந்தது.

“இதை எவ்வளவு அருமையா செஞ்சிருக்கீங்க. போன மாசம் பதினெட்டாம் தேதி, காலைல ஒன்பதரையிலேருந்து பன்னிரண்டே முக்கால் வரைக்கும். அன்னிக்குக் கால் வலிக்கலையா?”

அண்ணன் தேதியைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தாள். அவளே சண்டை போட்டு அவரைப் பிசியோதெரபிக்கு மறுபடியும் அழைத்துப்போன நாள். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை அவர் அங்கே படுத்திருந்தார், இவள் வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தாள். போன் வீட்டிலேயே மறந்துபோய்விட்டது என்று அவர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். லைசென்ஸ் இல்லாதவர் பற்றிய விதியை அவள் படித்தபோது அண்ணன் மட்டுமல்ல, குட்டியும் நிமிர்ந்து பார்க்காதது இப்போது ஞாபகம் வந்தது.

உண்மையைச் சொல்லட்டும் என்று ஒரு மணி நேரம் முன்னால்தான் அவள் கணவன் முன்னால் மடிக்கணினிகளை நகர்த்தி வைத்தாள்.

“நீங்கதானே?” என்று அதிகாரி மறுபடியும் கேட்டார்.

குட்டி யாரையும் பார்க்கவில்லை. அடுத்த மாதத் தேர்வுக்கான புத்தகங்களின் மேல் கிடந்த மரச் சுத்தியலை எடுத்து, அதன் பிடியை சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.